விரைவூட்டிய மறுகலவைகளில் மெய்ப்பாட்டுத் திரிபு: மேலைப் பாப் பாடல்கள் சிலவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பதிவுசெய்யப்பட்ட பாடல் ஒன்றின் வேகத்தைக் கூட்டி, அதனோடு சுருதியும் உயரும்படி வெளியிடும் வழக்கம் 2020-களின் தொடக்கத்தில் மேலைப் பாப் இசையில் பரவலாயிற்று. இத்தகைய மறுகலவைகள் சோகப் பாடலை மகிழ்ச்சிப் பாடலாக மாற்றிவிடுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. இக்கருத்து போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விரைவூட்டலில் பாடலின் தாளம் மட்டுமன்றிப் பாடுபவரின் உடலும் அவர் நின்று பாடும் இடமும் சுருங்குகின்றன. அதனால் அழுகை உவகையாவதில்லை. இளமையால் தோன்றும் நகையாகவும் சிறுமையால் தோன்றும் மருட்கையாகவும் திரிகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பகுப்பு இத்திரிபை விளக்கத் துணைபுரிகிறது.

திறவுச்சொற்கள்: விரைவூட்டிய பதிப்பு, மறுகலவை, மெய்ப்பாடு, மாத்திரை, சுருதி, பாடவேறுபாடு

1. முன்னுரை

2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 'வெனஸ்டே' தொடர் வெளியாயிற்று. அதன் நாயகி ஆடும் நடனக் காட்சியில் ஒலிப்பது 'த க்ராம்ப்ஸ்' குழுவினரின் 'கூ கூ மக்' என்னும் பாடல். ஆனால், அந்நடனத்தைப் பார்த்து ஆடி டிக்டாக்கில் பதிவிட்டவர்களுள் பலர் அப்பாடலை விடுத்து, லேடி காகாவின் 'ப்ளடி மேரி' பாடலை விரைவூட்டிச் சேர்த்துக்கொண்டனர். 2011-இல் வந்த 'பார்ன் திஸ் வே' தொகுப்பில் இடம்பெற்றிருந்தும் தனிப்பாடலாக வெளியிடப்படாத பாடல் அது. பதினோராண்டு கழித்து, 2022 டிசம்பரில் அது தனிப்பாடலாக வானொலிக்கு அனுப்பப்பட்டது.

இந்நிகழ்வை வணிக வெற்றியாகக் கருதி விட்டுவிடலாம். ஆனால், மகதலேனா மரியாளின் குரலில், மரணத்தையும் தனிமையையும் முன்னிறுத்திப் பாடப்பட்ட ஒரு பாடல், சொல் ஒன்றும் மாறாமலே விளையாட்டு நடனத்துக்கு ஏற்றதாக மாறியது எங்ஙனம் என்னும் வினா எஞ்சுகிறது. சொல் மாறவில்லை, மெட்டின் அமைப்பு மாறவில்லை, பாடியவரும் அவரே. மாறியது வேகம் ஒன்றே. அவ்வொன்று மாறியதும் பாடலின் உணர்வு ஏன் மாறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாடலுக்கும் உணர்வுக்கும் இடையே உடல் ஆற்றும் பங்கைப் பற்றிய வினாவாதலால், உணர்வை உடலின்வழி வகுத்துக் காணும் தமிழ் இலக்கண மரபு இங்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

2. முன்வடிவங்கள்

வேகத்தை மாற்றிக் குரலின் இயல்பை மாற்றும் உத்தி புதியதன்று. 1958-இல் ராஸ் பக்தாசாரியன், டேவிட் செவில் என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'த சிப்மங்க் சாங்' பாடலில் அணில்கள் பாடுவதாக வரும் குரல்கள் அவருடைய குரலே. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாடி, பின்னர் இயல்பு வேகத்தில் ஒலிக்கச் செய்தார். 1967-இல் வெளிவந்த 'வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்' பாடலில் பீட்டில்ஸ் குழுவினர் பால் மெக்கார்ட்னியின் குரல் இளமையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றே கூட்டினர். சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் உயர்ந்தது.

2000-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டின் ஆல்டா நகரைச் சேர்ந்த இரு பள்ளி மாணவர்கள், பிறருடைய நடனப் பாடல்களை விரைவூட்டி 'நைட்கோர்' என்னும் பெயரில் வெளியிட்டனர். அப்பெயர் பின்னர் ஒரு வகைமையின் பெயராகவே நிலைத்தது. இன்றைய விரைவூட்டிய பதிப்புகளின் நேரடி முன்னோடி இதுவே.

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு கருதத்தக்கது. பக்தாசாரியன் தம் குரல் உயர்த்தப்படும் என்பதை அறிந்து, அதற்கேற்ப மெதுவாகப் பாடினார். அதனால் சுருதி உயர்ந்தபோதும் சொற்களின் நடை இயல்பாக நின்றது. மெக்கார்ட்னியின் குரல் மாற்றம் பாடல் உருவாக்கத்தின்போதே அதன் நோக்கத்திற்கேற்ப முடிவு செய்யப்பட்டது. நைட்கோரிலும் இன்றைய பதிப்புகளிலும் பாடகர் இதற்கென்று பாடவில்லை. ஒரு வேகத்திற்கென்று மூச்செடுத்துப் பாடிய குரலை வேறொரு வேகம் பின்னர் வந்து பற்றிக்கொள்கிறது.

3. விரைவூட்டலில் மாறுவன

சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்ட இன்றைய மென்பொருள்களால் இயலும். விரைவூட்டிய பதிப்புகளின் தனித்தன்மை அதுவன்று. ஒலிநாடாவை வேகமாக ஓட்டியதுபோல வேகமும் சுருதியும் ஒருங்கே உயர்வதே இவற்றின் அடையாளம். 33⅓ சுழற்சிக்குரிய இசைத்தட்டை 45 சுழற்சியில் ஓடவிட்டுக் கேட்டவர்கள் இவ்வொலியை முன்பே அறிவர். அது 35 விழுக்காட்டு விரைவு.

ஒரு பாடலை 25 விழுக்காடு விரைவூட்டினால் என்ன நிகழ்கிறது என்று காணலாம். நான்கு நிமிடப் பாடல் 3 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடுகிறது. சுருதி ஏறத்தாழ நான்கு அரைச்சுரம் உயர்கிறது. இவை எளிதில் புலப்படுவன. எளிதில் புலப்படாதனவே உணர்வை மிகுதியும் மாற்றுகின்றன.

முதலாவது, தொண்டையின் அளவு. குரல்வளையில் பிறக்கும் ஒலி, தொண்டையும் வாயும் சேர்ந்த குழலினூடே வரும்போது சில அதிர்வெண்களில் வலுப்பெறுகிறது. அக்குழலின் நீளத்தைக் கொண்டே கேட்போர் பாடுபவரின் உடலளவை உணர்கின்றனர். வயதுவந்த ஆணுக்கு அந்நீளம் சுமார் 17 செ.மீ. என்று கொண்டால், 25 விழுக்காட்டு விரைவில் அது சுமார் 13.6 செ.மீ. உடைய குழல்போல ஒலிக்கும். இது வயதுவந்த பெண்ணின் சராசரி அளவினும் குறைவு. ஆனால், அவ்வாணின் பேச்சுக்குரல் 120 ஹெர்ட்ஸ் எனின் அது 150 ஹெர்ட்ஸ் வரையே உயர்கிறது. பெண்குரலின் சராசரியாகிய சுமார் 200 ஹெர்ட்ஸை எட்டுவதில்லை. தொண்டையின் அளவு ஒன்றைச் சொல்ல, சுருதி வேறொன்றைச் சொல்கிறது. ஆண், பெண், குழந்தை என எவ்வுடலிலும் பொருந்தாத ஒரு குரல் பிறக்கிறது.

இரண்டாவது, இடம். ஒலிப்பதிவில் குரலைச் சூழ்ந்துள்ள எதிர்முழக்கம் பாடுபவர் நிற்கும் இடத்தின் விரிவைக் காட்டுவது. 2 நொடி நீடித்து அடங்கும் எதிர்முழக்கம் 1.6 நொடியில் அடங்கும்போது கூடம் சிறிதாகிவிடுகிறது.

மூன்றாவது, மூச்சும் நடுக்கமும். அடிகளுக்கிடையே பாடகர் விடும் அரை நொடி இடைவெளி 0.4 நொடியாகிறது. நீட்டிப் பாடும் சுரத்தில் நொடிக்கு 5 முதல் 7 முறை நிகழும் இயல்பான அசைவு 6.25 முதல் 8.75 முறை என்றாகிறது. உணர்ச்சிப் பெருக்கின் அடையாளமாயிருந்த அசைவு படபடப்பாக மாறுகிறது.

4. மாத்திரையும் மெய்ப்பாடும்

யாப்பு நோக்கில் பார்த்தால் இங்கு எதுவும் மாறவில்லை எனலாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை என்னும் கணக்கு விகிதத்தைச் சார்ந்தது. எல்லா ஒலியும் ஒரே விகிதத்தில் குறுகும்போது குறிலுக்கும் நெடிலுக்குமான உறவு அப்படியே நிற்கிறது. தாளக் கட்டும் சிதைவதில்லை. எனினும் பாடலின் உணர்வு மாறுகிறது எனின், அது விகிதத்துக்கு அப்பாற்பட்ட ஓர் அளவைச் சார்ந்திருத்தல் வேண்டும்.

அவ்வளவு எது என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே குறிப்பு உள்ளது. நூன்மரபில் மாத்திரையின் அளவு கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அதாவது, ஒலியின் காலத்தை அளக்கும் கோல் மனித உடலே. நெடில் குறிலின் இருமடங்கு என்பது விகிதம். குறில் ஓர் இமைப்பளவு என்பது உடலோடு கட்டப்பட்ட அளவு. இயந்திர விரைவூட்டல் முன்னதைக் காத்துப் பின்னதை அறுக்கிறது.

கருநாடக இசையில் ஒரு பகுதியை முதற்காலத்திலும் இரண்டாம் காலத்திலும் பாடுதல் இதனின் வேறானது. அங்குத் தாளத்தின் தட்டும் ஆதார சுருதியும் நிலையாக நிற்க, ஒரு தட்டுக்குள் அமையும் சுரங்கள் இரட்டிக்கின்றன. விரைவுக்கேற்ப எக்கமகத்தைச் சுருக்குவது, எதை விடுப்பது என்று பாடுபவர் முடிவு செய்கிறார். இயந்திர விரைவில் அம்முடிவு இல்லை. கமகமும் மூச்சும் இருமலும் ஒரே அளவில் குறுகுகின்றன.

மெய்ப்பாடு என்னும் சொல்லும் இங்குத் துணைபுரிகிறது. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுவது மெய்ப்பாடு. அழுகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கைக் கூறுகிறார். இவற்றுள் அசைவு, முன்னிருந்த நிலை தளர்ந்து வருந்துதல். பாடலில் தளர்ச்சியைக் காட்டுவன சொற்கள் மட்டுமல்ல. தாமதிக்கும் மூச்சும் அடங்க நேரமெடுக்கும் ஒலியும் ஆகும். விரைவூட்டலில் சொல் 'இழந்தேன்' என்கிறது, குரலோ தளரவில்லை.

அவ்வாறெனின் அப்பாடல் உவகைப் பாடலாகிவிடுகிறதா? இல்லை. நகையின் நிலைக்களன்களுள் இளமை ஒன்று; அது குழந்தைமையைச் சுட்டும். மருட்கையின் நிலைக்களன்களுள் புதுமையும் சிறுமையும் அடங்கும். சுருங்கிய தொண்டையிலிருந்து வரும் குரல் குழந்தைமையை நினைவூட்டி நகை விளைக்கிறது; இயல்பினும் சிறிய உடல் பெரியோரின் துயரைப் பேசுவது வியப்பை விளைக்கிறது. கேட்பவர் அத்துயரில் பங்குகொள்வதில்லை. அதனை ஓர் அழகிய சிறுபொருளாகக் காண்கிறார். பொதுவாக 'மகிழ்ச்சி' என்று சொல்லப்படுவது இவ்விரு மெய்ப்பாடுகளின் கலவையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

5. மூன்று பாடல்கள்

இத்திரிபு எல்லாப் பாடல்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. மூன்று பாடல்களைக் கொண்டு இதனைக் காணலாம்.

'ப்ளடி மேரி'யின் மூலப் பதிவு மெல்ல நடக்கும் பாடல். மீட்டொலியாகத் தொடங்கும் தந்திக் கருவிகளும், தேவாலயப் பாடகர் குழுவை நினைவூட்டும் ஆழ்ந்த குரல்களும் அதற்கு ஒரு சடங்குத் தன்மையைத் தருகின்றன. ஆடுவேன் என்று சொல்லும் பெண், தன்னைச் சூழ்ந்த மரணத்தின் முன்னே ஆடுகிறாள். விரைவூட்டிய பதிப்பில் அக்குழுக் குரல்கள் தம் ஆழத்தை இழக்கின்றன. எதிர்முழக்கம் குறுகுவதால் தேவாலயம் அறையாகிவிடுகிறது. சடங்கின் இடத்தில் சடங்கைப் போலச் செய்யும் விளையாட்டு வந்து அமர்கிறது. 'வெனஸ்டே' தொடரின் நாயகியும் இருண்மையை விளையாட்டாகத் தரித்தவள். ஆதலின் இங்குத் திரிபு பொருத்தமான புது வாழ்வைப் பெற்றது. இழப்பும் ஆக்கமும் ஒருங்கே நிகழ்ந்த சான்று இது.

மிகெல் பாடிய 'ஷ்யூர் திங்' 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்தது. விரைவூட்டிய பதிப்பு டிக்டாக்கில் பரவியதால் 2023-இல் அப்பாடல் அமெரிக்கத் தரவரிசைகளில் மீண்டும் ஏறியது. அதன் வரிகள் காதலர் இருவரையும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாத பொருள்களாகச் சோடி சோடியாக அடுக்கிச் செல்பவை. மூலப் பதிவில் ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையே கேட்பவருக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. அவ்விடைவெளியில் உவமை வாக்குறுதியாக முதிர்கிறது. விரைவில் அவ்விடைவெளி சுருங்க, உவமைகள் சொல்லடுக்கு விளையாட்டாக ஒலிக்கின்றன. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஆள் மறைந்து, சொல்லின் சாமர்த்தியம் மட்டும் நிற்கிறது. இனிமை குறையவில்லை, உறுதி குறைந்துவிட்டது.

சிஸாவின் 'கில் பில்' 2022 டிசம்பரில் வந்த 'எஸ்ஓஎஸ்' தொகுப்பில் உள்ளது. இதன் விரைவூட்டிய பதிப்பு நிறுவனத் தரப்பிலிருந்தே வெளியிடப்பட்டது. முன்னாள் காதலனைக் கொல்லும் எண்ணத்தை மென்மையான மெட்டில் சொல்வது இப்பாடல். சொல்லுக்கும் மெட்டுக்கும் இடையிலான முரண் மூலத்திலேயே உள்ளது. அம்முரண் வலுப்பெறுவது, சோர்ந்த, வயதுவந்த ஒரு பெண்ணின் குரல் அதைச் சொல்வதால்தான். அவள் உண்மையாகவே சொல்கிறாளோ என்னும் ஐயம் எழ இடமுண்டு. விரைவூட்டிய குரலில் அவ்வையத்துக்கு இடமில்லை. குழந்தைப் பாட்டில் கொலை பேசப்படுவதுபோல அது தீங்கற்றதாகிவிடுகிறது. ஏற்கெனவே நகையும் அச்சமும் கலந்திருந்த பாடல், நகை ஒன்றாகவே சுருங்குகிறது. மூன்றனுள் மிகுதியாக இழந்தது இதுவே.

6. உடன் நிற்கும் குரல்

விரைவூட்டல் எப்போதும் உணர்வைக் குறைப்பதே என்று இதனால் முடிவு கட்டலாகாது. கான்யே வெஸ்ட் 2003-இல் வெளியிட்ட 'த்ரூ த வயர்' பாடல் எதிர்ச்சான்றாகிறது. 2002 அக்டோபரில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய தாடை முறிந்தது. கம்பியால் தாடை இறுகக் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே அவர் அப்பாடலைப் பாடிப் பதிவு செய்தார். அதன் அடித்தளமாக அமைந்தது 1984-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்த ஷாகா கானின் 'த்ரூ த ஃபயர்' பாடலின் ஒரு பகுதி. அது விரைவூட்டப்பட்டுச் சேர்க்கப்பட்டது.

இங்கு ஷாகா கானின் குரல் உடலினின்று விடுபட்டு மேலே பறக்க, அதன் கீழே முறிந்த தாடையிலிருந்து தடுமாறி வரும் குரல் இயல்பு வேகத்தில் நிற்கிறது. ஒன்று உடலற்றது, மற்றொன்று உடலால் தடைப்பட்டது. பின்னதன் பாரம் முன்னதன் இலேசினால் தெளிவாகிறது. கண்ணிமையளவும் கைந்நொடியளவும் பாடலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டே விரைவு பொருள்படுகிறது. இன்றைய விரைவூட்டிய பதிப்புகளில் அவ்வொப்பீட்டுக் குரல் இல்லை. பாடல் முழுவதும் ஒருசேர உயர்வதால், எதனினும் உயர்ந்தது என்று காட்ட எதுவும் எஞ்சுவதில்லை.

எனினும், ஷாகா கான் தம் குரல் இவ்வாறு கையாளப்பட்டதைத் தாம் விரும்பவில்லை என்று பின்னாளில் பொதுவெளியில் சொன்னார். கலைநயத்தோடு அமைந்த இடத்திலும் பாடகருக்கு இவ்வருத்தம் உண்டு என்பது மறக்கத்தக்கதன்று. குரல் பதிவுக்குரிய உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம். அக்குரலில் தெரியும் உடல் பாடியவருடையது.

7. கேட்போர் தரப்பு

இதற்கு மறுதலையாகக் கேட்போர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. தாங்கவியலாத சோகத்தை நேரடியாகக் கேட்க எல்லாருக்கும் எப்போதும் இயல்வதில்லை. பாடியவரின் உடல் அகன்ற குரலில் கேட்பவர் தம்மை எளிதில் வைத்துக்கொள்ள முடிகிறது. அது லேடி காகாவின் துயரோ மிகெலின் காதலோ அன்று. யார் வேண்டுமானாலும் அணிந்துகொள்ளத்தக்க ஒரு முகமூடி. நடனமாடுபவரும், வாயசைப்பவரும், தம் நாளின் ஒரு துணுக்கைப் படமாக்குபவரும் அதனைத் தமதாக்கிக்கொள்கின்றனர்.

எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒன்றை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1990-களில் ஹூஸ்டன் நகரின் டிஜே ஸ்க்ரூ ராப் பாடல்களின் வேகத்தைக் குறைத்துக் கலவைகள் உருவாக்கினார். அவற்றில் குரல் கனக்கிறது. பாடுபவரின் உடல் பெரிதாகிறது. கேட்பவர் அதன் முன் அமர்ந்து கேட்க வேண்டியவராகிறார். விரைவில் உடல் சிறுத்துக் கேட்பவரின் கைக்குள் அடங்குகிறது. ஒன்று பணிந்து கேட்கச் செய்வது. மற்றொன்று எடுத்தாளச் செய்வது.

ஆயினும் முகமூடி ஒன்றே முகமாக எண்ணப்படும் நிலை கவலைக்குரியது. ஒலியோடைத் தளங்களில் மூலமும் விரைவூட்டிய பதிப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. விரைவூட்டிய பதிப்பை முதலிற் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டவருக்கு மூலம் இழுவையாகத் தோன்றுகிறது. பாடகர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அவர் குறையாகக் கேட்கிறார். சுவடிப் பதிப்பில் பிற்காலப் பாடம் ஒன்று பழகிய காதுக்கு இனிதாய் ஒலிப்பதாலேயே மூலபாடமாகக் கொள்ளப்படும் இடர் தமிழாய்வாளர் நன்கறிந்தது. இங்கும் பாடவேறுபாட்டை வேறுபாடாகவே குறித்துவைக்கும் ஒழுங்கு தேவைப்படுகிறது. தமிழ்த் திரைப்பாடல்களுக்கும் விரைவூட்டிய, வேகங்குறைத்த பதிப்புகள் யூடியூபில் புழங்கிவரும் இந்நாளில், பாடல் ஆய்வில் ஈடுபடுவோர் தாம் எப்பதிவைக் கேட்டு எழுதுகின்றனர் என்பதைக் குறிப்பிடுவது முறையாகும்.

8. முடிவுரை

விரைவூட்டிய மறுகலவையில் பாடலின் சொல்லும் மெட்டும் தாள விகிதமும் மாறுவதில்லை. மாறுவன தொண்டையின் அளவு, நின்று பாடும் இடம், மூச்சின் நேரம் ஆகியன. இவை மூன்றும் உடலைச் சார்ந்தவை. ஆதலின், உணர்வு உடலின்வழியே புலப்படும் என்னும் மெய்ப்பாட்டியல் கொள்கைக்கு இவ்வியந்திர வழக்கு எதிர்மறையாகச் சான்று பகர்கிறது: மெய் திரியப் பாடும் திரிகிறது.

அத்திரிபு அழுகையை உவகையாக்குவதன்று, நகையும் மருட்கையுமாக்குவது. அது 'ப்ளடி மேரி'க்குப் புதிய இடத்தைத் தந்தது. 'ஷ்யூர் திங்' பாடலின் உறுதியைத் தளர்த்தியது. 'கில் பில்' பாடலின் ஐயத்தைப் போக்கியது. 'த்ரூ த வயர்' பாடலிலோ இயல்புக் குரல் ஒன்று உடன் நின்றதால் விரைவே துயரின் அளவுகோலாயிற்று. விரைவு நன்று, தீது என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பதினும், ஒவ்வொரு பாடலிலும் அது எந்த உடலை அகற்றுகிறது, அவ்விடத்தில் எதை வைக்கிறது என்று கேட்பதே திறனாய்வுக்குரிய வழி. அதற்கு முதற்படி, மூலப் பதிவை அதற்குரிய வேகத்தில், பாடியவர் மூச்செடுக்கும் இடங்களோடு முழுமையாகக் கேட்பது.